ஸ்டியரிங் தோல் கையில் ஒட்டுகிறது, அவசரம்

வடசேரிவாசி
வணக்கம். ஸ்டியரிங் தோல் தேய்ந்துபோய்விட்டது. பிடித்தால் கையில் கறுப்பாக ஒட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் கல்யாணம், பெண் வீட்டாரை இந்தக் காரில்தான் அழைத்துப்போக வேண்டும். என்ன தடவினால் சரியாகும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தக்கலை டாக்ஸி
என்ன கார், எந்த வருடம்? சுற்று முழுக்கத் தேய்ந்திருக்கிறதா, கை வைக்கும் இடத்தில் மட்டுமா? ஒட்டுவது அழுக்கா, சாயமா, பசையா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது தம்பி?

ஈத்தாமொழித் தென்னை
எதற்கு இத்தனை கேள்வி? இரவு படுக்கப் போகும்முன் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிடுங்கள். காலையில் துணியால் துடைத்தால் புதுசு மாதிரி மின்னும். செருப்புக்கும் செண்டைத் தோலுக்கும் எங்கள் வீட்டில் காலங்காலமாக இதுதான்.

பழுதுமானி (மூத்த உறுப்பினர்)
தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது என்பது மறுபடி உறுதியாகிறது. சரி, அடிப்படையிலிருந்து சொல்கிறேன். காரில் வரும் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதப்படுத்தியது. பதனிடும் தொழிற்சாலையிலேயே அதற்குத் தேவையான கொழுப்பை ஏற்றிவிடுவார்கள். அதன்மேல் வண்ணம், வண்ணத்தின்மேல் பாலியூரித்தேன் மேல்பூச்சு. நீங்கள் ஊற்றும் எண்ணெய் தோலுக்குள் போகாது. மேல்பூச்சின்மீது உட்கார்ந்து தூசியைக் கூப்பிடும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும். வளைவில் கை வழுக்கினால் கல்யாண வீட்டுக்குப் போய்ச்சேர மாட்டீர்கள். மின்னுவது நல்ல தோலுக்கு அடையாளமும் அல்ல. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலான ஸ்டியரிங் தோல் மங்கலாகத்தான் இருக்கும். பளபளப்பு என்று நீங்கள் பார்ப்பது பல வருடத்துக் கைவியர்வை.

ஈத்தாமொழித் தென்னை
அப்படியானால் எங்கள் தாத்தாவின் தோல் செருப்பு ஏன் அத்தனை வருடம் உழைத்தது?

பழுதுமானி
உங்கள் தாத்தாவின் செருப்புக்கு மேல்பூச்சு இல்லை. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட வெறும் தோல், எண்ணெயை உறிஞ்சும். இது வேறு பொருள்.

வடசேரிவாசி
கார் பெயரைச் சொன்னால் இந்த விவாத இழை வேறு பக்கம் ஓடிவிடும். 2014 மாடல், உயர்ந்த ரகம், இரண்டாம் கையாக வாங்கியது. தோல்தான் என்று விற்றவர் சொன்னார்.

தக்கலை டாக்ஸி
விற்றவர் எல்லாம் சொல்வார். தேய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அந்த இடம் மெல்லக் கருத்து ஊறினால் உண்மைத் தோல், மேல்பூச்சு போய்விட்டது என்று பொருள். ஊறாமல் உருண்டு நின்றால் அங்கே பூச்சு மிச்சமிருக்கலாம், அல்லது அது செயற்கைத் தோலாக இருக்கலாம். ஏடு ஏடாக உரிந்து, அடியில் துணி நெசவு தெரிந்தால் கட்டாயம் செயற்கைதான். அதற்கு மருந்து கிடையாது, சீட் கவர் கடையில் புதிதாகத் தைக்க வேண்டியதுதான்.

குளச்சல் காற்று
எல்லாரும் உப்பை மறந்துவிட்டீர்கள். கடலோரத்தில் உப்புக்காற்றுதான் தோலைத் தின்கிறது. எங்கள் தெருவில் எந்தக் காரை எடுத்தாலும் ஸ்டியரிங் இப்படித்தான்.

பேச்சிப்பாறைக்காரன்
உப்பு இரும்பைத் தின்னும். தோலைக் கெடுப்பது ஈரம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நம் மாவட்டத்தில் பெய்கிறது. குலசேகரம் பக்கம் காரைச் சில வாரம் மூடிவைத்துத் திறந்து பாருங்கள், ஸ்டியரிங்கில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். குளச்சலில் பூஞ்சை பார்த்திருக்கிறீர்களா?

குளச்சல் காற்று
பூஞ்சையைத் துடைத்தால் போய்விடும். உப்பு போகாது. மலையோரத்துக்காரர்களுக்கு மழையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பேச்சிப்பாறைக்காரன்
துடைத்தால் போகும் என்பது மேலே தெரிகிற பூஞ்சைக்கு. உள்ளே வேர் பிடித்தது அடுத்த மழையில் திரும்பி வரும். ரப்பர் ஷீட்டில் தினமும் பார்க்கிற சங்கதி இது.

தக்கலை டாக்ஸி
அண்ணாச்சிமாரே, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

தம்பி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். தோல் இல்லாத நடுக்கம்பியின் பிளாஸ்டிக்கும் ஒட்டுகிறதா?

வடசேரிவாசி
ஆமாம், அங்கேயும்தான். போன மாதம்வரை மேலே ரெக்சின் கவர் போட்டிருந்தது. பழைய சொந்தக்காரர் போட்டது. கிழிந்துவிட்டதால் கழற்றினேன். அது முக்கியமா?

தக்கலை டாக்ஸி
அதுதான் முக்கியம்! முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். ரெக்சினை வளையவைக்க அதில் ஒரு மென்மையூட்டியைச் சேர்ப்பார்கள். வெயிலில் நிற்கும் காரில் அது மெதுவாகக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கிற பரப்பில் பிசினாக இறங்கும். கவர் நழுவாமல் இருக்க உள்ளே இருபக்கப் பசை நாடா ஒட்டியிருந்தால் அந்தப் பசையும் சேரும். பிளாஸ்டிக்கும் ஒட்டுகிறது என்றால் நோய் உங்கள் தோலில் இல்லை, அதன்மேல் படிந்ததில். நல்ல செய்திதான்.

நாகர்கோவில் நண்பன்
பசை என்றால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் ஒரே நிமிடம்.

பழுதுமானி
வண்ணமும் அதே ஒரே நிமிடத்தில் போய்விடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், சானிட்டைசர் எதுவும் வேண்டாம். சமையலறையில் கறை தேய்க்கும் வெள்ளை மெலமைன் பஞ்சும் வேண்டாம். அது பஞ்சு வேடத்தில் இருக்கும் மென்மையான உப்புத்தாள், மேல்பூச்சைச் சீவிவிடும்.

பேச்சிப்பாறைக்காரன்
கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர்பால் உறையாமலிருக்கத் தோட்டத்தில் அம்மோனியா ஊற்றுகிறோம். அந்தத் திரவங்கள் சிலவற்றிலும் அதே அம்மோனியா உண்டு. தோலுக்கு ஆகாது.

தக்கலை டாக்ஸி
சரி, செய்முறை. வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகளுக்கான மென்மையான சோப்புத் திரவம் சில சொட்டு விட்டு நுரையாக்குங்கள். தோலில் படவேண்டியது நுரை, தண்ணீர் அல்ல. மென்மையான பழைய பல்துலக்கியால் கைப்பிடி அகலத்துக்கு ஒவ்வொரு பகுதியாக வட்டமாகத் தேய்த்து, கறுப்பு கரைந்து வந்ததும் ஈரத்துணியால் உடனே எடுத்துவிடுங்கள். ஊறவிட வேண்டாம். தையல் இடுக்கில்தான் அழுக்கு அதிகம் கிடக்கும், அங்கே பொறுமையாகச் செய்யுங்கள், நூல் பிசிறிவிடக் கூடாது. துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை தொடரலாம். பசை மிச்சமிருந்தால் விரலால் உருட்டி எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியின் நுனியில் மட்டும் தொட்டு, ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் முதலில் சோதியுங்கள். துணியில் சாயம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நடுவே ஏர்பேக் இருக்கிறது. ஹாரன் மூடியிலும் பொத்தான்களிலும் தண்ணீர் இறங்கக் கூடாது. யாராவது ஸ்டியரிங்கைக் கழற்றித் தருகிறேன் என்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்கத் தெரிந்தவரா என்று கேளுங்கள். விழித்தால் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

வடசேரிவாசி
தேய்ந்த இடத்துக்குக் கறுப்பு ஷூ பாலீஷ் போடலாமா? படத்துக்கு நன்றாக இருக்குமே.

தக்கலை டாக்ஸி
போடலாம், மாப்பிள்ளையின் வேட்டியில் கைபடாமல் இருந்தால்.

பழுதுமானி
முறையாக வண்ணம் ஏற்ற, முதலில் 600 எண் உப்புத்தாளும் பிறகு 1000 எண் தாளும் கொண்டு லேசாகத் தேய்த்துப் பிசிறைச் சமன்செய்ய வேண்டும். அப்புறம் ஆல்கஹாலில் எண்ணெய்ப்பசை நீக்கி, தோலுக்கென்றே விற்கும் நீர்வழி வண்ணத்தைப் பஞ்சால் மெல்லிய படலங்களாக ஒற்ற வேண்டும். ஒவ்வொன்றும் காய்ந்தபிறகே அடுத்தது. கடைசியில் பளபளக்காத மேல்பூச்சு. அது இல்லாவிட்டால் வண்ணம் சீக்கிரமே கையோடு வந்துவிடும். நம் ஊர் ஈரத்தில் காய்வதற்கு நேரம் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகிற காரியமல்ல. சுத்தம் மட்டும் செய்யுங்கள், வண்ணத்தைப் பிப்ரவரி வெயிலுக்கு வையுங்கள்.

ஈத்தாமொழித் தென்னை
எல்லாம் முடிந்தபிறகு ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் குற்றமா?

பழுதுமானி
குற்றம்.

குளச்சல் காற்று
ஆல்கஹால் உப்பையும் எடுக்குமா?

பேச்சிப்பாறைக்காரன்
மறுபடியும் உப்பா? உப்பை எடுக்கத் தண்ணீர் போதும் அண்ணே. அதைத்தான் ஈரத்துணி என்று மேலேயே எழுதியிருக்கிறார்கள்.

வடசேரிவாசி
சோப்பு நுரை போட்டேன். தண்ணீர் தார் மாதிரி கறுத்தது. ஒட்டல் போய்விட்டது. வலது மேல்பக்கம் வெளுத்துத் தெரிகிறது, தண்ணீர்ச் சொட்டு ஊறியது, தோல்தான். கல்யாணத்துக்குப் போய் வந்தாயிற்று. நன்றி.

நாகர்கோவில் நண்பன்
எந்த சோப்பு? பல்துலக்கி மென்மையானதா, நடுத்தரமா? வெளுத்த இடத்தின் படம் போடுங்கள்.

தக்கலை டாக்ஸி
இனி அவர் வரமாட்டார்.

ஆரல்வாய்மொழி
இழையைப் படித்தேன், பயனுள்ளது. என் கியர் குமிழும் ஒட்டுகிறது. என்ன தடவலாம்?

பழுதுமானி
என்ன கார், எந்த வருடம்? தனி இழை போடுங்கள்.