தாத்தாவின் குறிப்பேட்டைச் சங்கத்துக்குக் கொடுக்கலாமா?

தாழ்வாரம் கேட்கிறார்:

இரண்டு மாதமாக எங்கள் பகுதி வம்சாவளிச் சங்கத்தில் தொண்டராக இருக்கிறேன். சனிக்கிழமை தோறும் போய், ஒரு பழைய அடக்கப் பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறேன். வேலை பிடித்திருக்கிறது. அந்தக் கையெழுத்து பழகப் பழக, எழுதிய குமாஸ்தா வீட்டு மனிதர் போல ஆகிவிட்டார். எங்கே மை தீர்ந்தது, எந்த நாள் சோம்பலாக இருந்தார் என்பதெல்லாம் தெரிகிறது.

இப்போது சங்கத்தார் என் தாத்தாவின் குறிப்பேட்டைக் கேட்கிறார்கள். 64 பக்கம். குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதிவைத்திருக்கிறார். கொடுக்கத் தயங்குகிறேன், காரணம் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் தூரத்து உறவினர் ஒருவருக்கு ஒரு தாள் கொடுத்தேன். கொள்ளுத்தாத்தாவின் தந்தை பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன், அது என் ஊகம் என்பதால். தட்டச்சு செய்தபோது அவர் கேள்விக்குறியை விட்டுவிட்டார். இன்று அந்தப் பெயர் ஐந்து குடும்ப மரங்களில் நிற்கிறது. ஒன்றுக்கு இன்னொன்றே ஆதாரமாம்! நான் ஊகித்த மனிதர் ஏழு வயதிலேயே இறந்தவர் என்று பிறகு ஓர் அடக்கப் பதிவில் கண்டுபிடித்தேன். ஏழு வயதில் போன பிள்ளைக்கு என் ஒரு வரியால் பேரன் பேத்திகள் பிறந்துவிட்டார்கள். திருத்தச் சொல்லி எழுதினால், "இத்தனை பேர் போட்டிருக்கும்போது எப்படித் தவறாகும்?" என்கிறார்கள்.

இன்னொரு கேள்வி. பதிவேட்டில் ஒரே குடும்பத்தின் பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் வருகிறது. தேடுகிறவர்களுக்கு வசதியாக ஒன்றாக்கிவிடலாமா?

பழுப்புத்தாள்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே ஏற்றுங்கள். உங்கள் கருத்துக்குத் தனிப் பத்தி இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பதினொரு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். என் தொடக்ககாலக் குற்றமே 'உதவி' செய்ததுதான். பழைய ஆங்கிலப் பதிவேடு ஒன்றின் நகலில் 1741 மே மாதம் ஒரு திருமணம், 1741 ஜனவரியில் அதே தம்பதியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். எழுதியவர் கவனமில்லாதவர் என்று முடிவுகட்டி ஆண்டைத் திருத்தப் போனேன். நல்ல வேளையாகப் பக்கத்து நாற்காலிக்காரர் தடுத்தார். இங்கிலாந்தில் 1752-க்கு முன் புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. அந்தக் கணக்கில் 1741 ஜனவரி, மே மாதத்துக்கு எட்டு மாதம் பிந்தியது. குமாஸ்தா சரி, நான்தான் அவசரக்காரன்.

குறிப்பேட்டைப் பொறுத்தவரை, மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டு ஸ்கேன் செய்த படங்களைக் கொடுங்கள். அட்டை, வெற்றுப் பக்கம், உள்ளே செருகியிருக்கும் துண்டுச்சீட்டு எதையும் விடாதீர்கள். துருப்பிடித்த குண்டூசி இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். கிழிசலில் பசைநாடா மட்டும் ஒட்டவே கூடாது.

உங்கள் கேள்விக்குறி விஷயத்தில் ஒரு யோசனை. தகப்பன் மகன் என்று மென்பொருளில் இணைத்துவிட்டால், பக்கத்தில் எத்தனை குறி போட்டாலும் அது உறவாகவே போய்ச்சேரும். நிச்சயமாகத் தெரியாத தகப்பனுக்கு அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். குறிப்பில் 'ஊகம்' என்று எழுத்தில் எழுதி, ஏன் அப்படி நினைத்தீர்கள் என்பதையும் சேருங்கள். ஒரு குறி உதிர்ந்துவிடும். ஒரு வாக்கியத்தை அழிக்கிறவருக்குக் கொஞ்சமாவது கை கூசும்.

மூன்றாம்தலைமுறை:

உயிரோடு இருப்பவர்களை மறந்துவிட்டீர்கள். தாத்தா தனக்காக எழுதியதில் தத்து, முதல் திருமணம், பிரிவு எல்லாம் இருக்கக்கூடும். நான் என் கோப்பை அப்படியே அனுப்பிவைத்தேன். அத்தை மகளின் முதல் திருமணம் அதில் இருந்தது. அவர் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப உதவும் ஜெட்காம் (GEDCOM) கோப்பு வகை 1984-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான். சாதாரண எழுத்துச் செயலியில் திறந்து, அனுப்புவதற்குமுன் கண்ணால் படித்துவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களை நீக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. ஆனால் இறந்த தேதி பதியாதவர்களை அது ஊகித்துத்தான் பிரிக்கிறது. அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

சாவிக்கொத்து:

எல்லோரும் இப்படிப் பயந்துகொண்டிருந்தால் சங்கத்தில் பூட்டிய அலமாரிதான் மிஞ்சும். என் பெரியப்பா யாருக்கும் காட்டாமல் காத்த குறிப்பேட்டைக் கடைசியில் கரையான்தான் படித்து முடித்தது. தவறாகப் பரவியது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தவறை மறுக்கும் ஆதாரம் உங்கள் பெட்டிக்குள் இருந்தால் யாருக்கு லாபம்? அந்த அடக்கப் பதிவின் படத்தை முதலில் சங்கத்தில் சேருங்கள்.

தாழ்வாரம்:

எல்லோருக்கும் நன்றி. சாவிக்கொத்து அவர்களே, கொஞ்சம் சுட்டது. ஆனாலும் அடக்கப் பதிவின் படத்தை அன்றே கொடுத்துவிட்டேன். குறிப்பேட்டின் ஸ்கேன் போதும் என்று சங்கத்தாரும் ஒப்புக்கொண்டார்கள். 31-ஆம் பக்கத்திலிருந்து உயிரோடு இருப்பவர்கள் வருகிறார்கள். அந்தப் பக்கங்களை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன். சித்தியிடம் பேச வேண்டும்.

இன்னொன்று. எங்கள் சங்கத்தில் ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியாக ஏற்றுவார்கள், மூன்றாமவர் ஒப்பிடுவார். நேற்று என் பக்கங்களின் ஒப்பீடு வந்தது. 11 இடங்களில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவற்றில் எட்டில் தவறு என்னுடையது.