மதுரை முதுநிலை வளாகம்: இணைப்பு வகுப்பில் எதிரொலி, உதவி தேவை

சென்னைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று ஒத்தக்கடை அருகே தொடங்கிய முதுநிலை வளாகம். பேராசிரியர் சென்னையிலிருந்து ஜூமில் பாடம் எடுக்கிறார். அவர் பேசுவது அரை நொடி கழித்து அவருக்கே திரும்பக் கேட்கிறது. மதுரையில் எதிரொலி இல்லை. எதிரொலி ஒரு முனையில் கேட்டால், அது உருவாவது எதிர்முனையில். ஆக, கோளாறு மதுரையின் இந்த அறையில்தான்.

அறை 40க்கு 30 அடி, வெறும் சுவர், டைல்ஸ் தரை. கூரையில் 4 ஸ்பீக்கர், தனி ஆம்ப்ளிஃபயர், 6 கூஸ்நெக் (வளையும் கழுத்துள்ள) மைக், 8 சேனல் யூ.எஸ்.பி. மிக்சர், விண்டோஸ் லேப்டாப். ஜூலையில் வகுப்பு தொடங்கியதிலிருந்தே இப்படி.

மைக்குகளை மியூட் செய்தால் எதிரொலி நிற்கிறது. ஜூம் ஒலி மெயினுக்கு (ஸ்பீக்கருக்குப் போகும் வெளியீடு) மட்டும், மைக்குகள் ஆக்ஸ் (மிக்சரின் தனித் துணை வெளியீடு) வழியாக யூ.எஸ்.பி.க்கு மட்டும் எனப் பிரித்தாயிற்று. எனவே மிக்சருக்குள் சுற்றவில்லை, ஸ்பீக்கர் ஒலியைத்தான் மைக் பிடிக்கிறது. ஜூமின் எக்கோ கேன்சலேஷனை (எதிரொலி நீக்கும் வசதி) கூட்டினால், இருவர் ஒரே நேரத்தில் பேசும்போது மாணவர் குரல் வெட்டுப்படுகிறது. மைக் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) குறைத்தால் கடைசி வரிசை சென்னைக்குக் கேட்பதில்லை. கனத்த திரைச்சீலையால் முழக்கம் குறைந்ததே தவிர எதிரொலி போகவில்லை. டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் விசாரித்தால் இன்னும் பெரிய ஸ்பீக்கரைக் காட்டுகிறார்கள்!

மைக்குகளுக்கும் மிக்சருக்கும் நடுவே, ஒவ்வொரு மைக்குக்கும் தனி எக்கோ கேன்சலர் உள்ள டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலாகச் செயலாக்கும் கருவி) ஒன்றைச் சேர்த்தால் போதுமா, இல்லை மைக்குகளையே மாற்ற வேண்டுமா?