பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவை இளையோருக்கு எந்தப் படத்தின் வழியே காட்டலாம்?

சாட்ஸ்வொர்த் தமிழ் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் சிலர் கைபேசியில் குறும்படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தடுமாறினாலும் படத்தைக் கூர்ந்து பார்க்கிற அவர்களுக்கு பாலு மகேந்திராவை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். 'மூன்றாம் பிறை'யில் தொடங்குவது பொருத்தமாக இருக்குமா?

டர்பன் வாசகர்:
அம்மா, 'மூன்றாம் பிறை' (1982) ஒளிப்பதிவுக்காக அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த படம்தான். ஆனால் அழகெல்லாம் ஊட்டி மலையும் பனியும் தந்தவை என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடும். நான் 'வீடு' (1988) படத்தையே முதலில் காட்டுவேன். சென்னையில் வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் படும் பாடுதான் கதை, பாடல்கள் கிடையாது. சன்னல் பக்கம் திரும்பிய கன்னம் தெளிந்தும் மறுகன்னம் நிழலில் ஆழ்ந்தும் இருப்பதை அவர் அப்படியே ஏற்றுக்கொள்கிறார். முகமெல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பலரும் விளக்குகளைக் குவித்துக்கொண்டிருந்த காலத்தில், அறையின் மூலை இருட்டாக இருந்தால் இருட்டாகவே விட்டுவைக்கும் துணிவு அவருக்கு இருந்தது. பிள்ளைகள் கற்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் உறுப்பினர்:
டர்பன் நண்பர் சொல்வதே சரி. அத்துடன், 1939இல் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவும் நம்மைப் போலத் தமிழகத்துக்கு வெளியே பிறந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். புனே திரைப்படக் கல்லூரியில் பயின்று, மலையாளத்தில் 'நெல்லு' (1974) படத்துக்குக் கேரள அரசின் விருதும், தாமே இயக்கிய முதல் படமான கன்னடக் 'கோகிலா'வுக்கு (1977) தேசிய விருதும் பெற்ற பிறகுதான், மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) வழியாகத் தமிழ்த் திரைக்கு வந்தார். தெலுங்கில் 'சங்கராபரண'மும் அவர் ஒளிப்பதிவே.

டர்பன் வாசகர்:
செய்முறைக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நேர்வெயில் படாமல் நாள் முழுக்க ஒரே சீராக வரும் சன்னல் வெளிச்சத்துக்குச் சென்னையில் பெரும்பாலும் வடக்குச் சன்னலைத் தேடுவார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நம் ஊரில் சூரியன் வடபுறமாகச் செல்வதால், குறிப்பாக ஜூன், ஜூலை மாதங்களில், தெற்குச் சன்னலே அதற்கு உகந்தது. ஒருவரை அதன் அருகே அமரவைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கைபேசி தானாக இருட்டை வெளிச்சமாக்க முயலும்; முகத்தின் வெளிச்சமான பகுதியைத் திரையில் தொட்டு, ஒளியளவைச் சற்றுக் குறைத்துவிட்டால் நிழல் கெடாது. தெற்குச் சன்னல் இல்லாத வகுப்பறையானால், வாசல் தாழ்வாரத்தின் நிழலே போதும்.