வால் மோராவுக்கு ஈ-பைக்கோ?

குழு: சுவிஸ் சொந்தங்கள்

வியாழன்

பிரவீன்: எல்லாருக்கும் வணக்கம். வாற சனி வெய்யிலாம். கிறாவுபுண்டன் மலைப் பக்கம், வால் மோரா பள்ளத்தாக்குக்குப் போவமோ? நான் ஈ-மவுண்டன் பைக், அதுதான் பற்றரி மோட்டர் பூட்டின மலைச் சைக்கிள், வாடகைக்கு எடுக்கப்போறன்.

பிரவீன்: சான்ரா மரியா ஊரில தொடங்கி டொஸ் ராடொண்ட் கணவாய் ஏறி, வால் மோரா பள்ளத்தாக்கால லிவிஞ்ஞோ ஏரிக்கு இறங்கிறது. திரும்பி வரேக்க ஏரிப் பக்கத்தால மேல ஏறி, முன்ற் லா ஷேரா மலையைச் சுத்தி ஒஃபன்பாஸ் கணவாய் ரோட்டைப் பிடிக்கிறது. முழு வட்டம்!

பிரவீன்: (வரைபடம்)

செல்வம்: நானும் மாமியும் வாறம். எங்களிட்டச் சொந்த ஈ-பைக்கே இருக்கு.

கௌரி: இவர் என்னைக் கேக்காமலே ஆம் எண்டிட்டார். என்ர முழங்காலையும் ஒருக்காக் கேளுங்கோ 😄

செல்வம்: முழங்காலுக்காகத்தானே ஈ-பைக் வாங்கினது.

துர்க்கா: பிரவீன், நீ கீறின கோட்டின்ர கடைசித் துண்டு சுவிஸ் நஷனல் பார்க்குக்குள்ளால போகுது.

பிரவீன்: ஃபோன் வரைபட அப் காட்டுதே அக்கா. பாதை இருக்கு.

துர்க்கா: பாதை இருக்கு, நடக்கிறவைக்கு. அங்க ஈ-பைக் மட்டுமில்ல, சாதாரண சைக்கிளும் கூடாது. நாயைக் கயித்தில கட்டிக்கொண்டும் போகேலாது. பாதையை விட்டுப் புல்லில கால் வைக்கவும் ஏலாது. 1914 இலிருந்து அந்த 170 சதுர கிலோமீற்றரை மனுசர் கை வைக்காமல் விட்டிருக்கினம்.

பிரவீன்: ஓகே, அந்தத் துண்டை வெட்டிறன். பார்க்குக்கு வெளியால பிரச்சினை இல்லைத்தானே?

துர்க்கா: சட்டப்படி பெரும்பாலும் இல்லை. ஆனா எனக்கு ஒரு கேள்வி இருக்கு.

செல்வம்: வந்திட்டுது! பிள்ளை சுற்றுச்சூழல் படிக்கத் தொடங்கின நாளில இருந்து ஒரு ரொட்டி சுடவும் அனுமதி கேக்க வேண்டிக் கிடக்கு.

கௌரி: அவள் சொல்லட்டுமன். சும்மா இருங்கோ.

துர்க்கா: மாமா, வீதிப் போக்குவரத்துச் சட்டம் 43ஆம் பிரிவைப் பாத்தால், சைக்கிளுக்கு ஏற்றதில்லாத நடைபாதையளில, வாண்டர்வேக் எண்டுற மலை நடைபாதையளில, சைக்கிள் ஓடக்கூடாது எண்டுதான் கிடக்கு. அதைக் கன்ரோனுக்குக் கன்ரோன் (மாநிலத்துக்கு மாநிலம்) வேற மாதிரிப் பாக்கினம். நாங்கள் போற கிறாவுபுண்டனில தடைப் பலகை இல்லாட்டி நடக்கிறவையும் சைக்கிள்காரரும் பாதையைப் பகிர்ந்துகொள்ளுங்கோ எண்ட நடைமுறை. 25 கிலோமீற்றர் வேகத்தோட மோட்டர் நிக்கிற ஈ-பைக் எண்டால், சைக்கிள் போற இடமெல்லாம் அதுவும் போகலாம். மஞ்சள் நம்பர் தகடு போட்ட 45 கிலோமீற்றர்காரருக்கு வேற விதி.

பிரவீன்: அப்ப முடிஞ்சுதே கதை. அனுமதி இருக்கு.

துர்க்கா: அனுமதி இருக்கு எண்டதுதான் எனக்குப் பிரச்சினை 🙂 இருக்க வேணுமோ எண்டு கேக்கிறன்.

பிரவீன்: அக்கா, 2015இல அமெரிக்காவில ஒரிகனில சோதிச்சுப் பாத்திருக்கினம். ஒரே பாதையில சாதாரண மவுண்டன் பைக், பெடல் மிதிச்சால் மட்டும் உதவுற ஈ-பைக், மோட்டர் சைக்கிள் மூண்டையும் ஓட விட்டு மண் எவ்வளவு பெயருது எண்டு அளந்தவை. ஈ-பைக்குக்கும் சாதாரண சைக்கிளுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. மோட்டர் சைக்கிள்தான் கிண்டி எடுத்தது.

துர்க்கா: தெரியும். செய்தது மவுண்டன் பைக்காரரின்ர சங்கம். அதுக்காகப் பொய் எண்டு நான் சொல்லேல்லை, முடிவு சரியாத்தான் இருக்கும். ஆனா அது ஒரிகன் காட்டு மண், ஒரு இடம், ஒரு வண்டி ஒருக்காப் போனால் என்ன ஆகும் எண்ட கணக்கு. 2300 மீற்றரில எத்தினை வண்டி வரும் எண்ட கணக்கு இல்லை.

ரவி: பிள்ளையள், நான் வேலை முடிஞ்சு இப்பத்தான் பாக்கிறன். ஒரு விசயம் சொல்லட்டோ?

கௌரி: சொல்லுங்கோ ரவி. பாதை திருத்திற ஆள் நீங்கள்தானே.

ரவி: மழைத்தண்ணிதான் பாதைக்கு முதல் எதிரி. அதுக்காகத்தான் குறுக்கால மரக்கட்டையோ கல்லோ பதிச்சுத் தண்ணியை ஓரத்தால இறக்கி விடுறம். ஒருத்தன் பின் பிறேக்கை இறுக்கிப் பிடிச்சு ரயர் இழுபட இறங்கினால் நடுவில ஒரு சின்ன வாய்க்கால் விழும். அடுத்த இடிமழைக்குத் தண்ணி எங்கட கட்டையைச் சுத்திக்கொண்டு அந்த வாய்க்காலால ஓடும். பிறகு நடக்கிற சனம் சேறு எண்டு ஓரத்துப் புல்லில நடப்பினம். ஒரு பாதை ரண்டாகும், ரண்டு மூண்டாகும்.

பிரவீன்: அது சாதாரண சைக்கிளும் செய்யும் சித்தப்பா.

ரவி: ஓம், செய்யும். மோட்டரால ஒண்டும் கெடுறதில்லை, ஓடுறவன்ர கையாலதான் கெடுறது. ஆனா முந்தி மூச்சு வாங்கி ஏறினவன் ஒருக்கா இறங்கிப்போட்டு வீட்ட போயிடுவான். இப்ப பற்றரி முடியுமட்டும் ஏறி இறங்கிறாங்கள்.

துர்க்கா: 👆 இதுதான். இவ்வளவு நாளும் அந்த மலையைக் காப்பாத்தினது சட்டமில்லை, எங்கட காலில இருந்த களைப்பு.

செல்வம்: நல்லா இருக்கு! அப்ப களைக்கிற ஆக்கள் மலை பாக்கக்கூடாது எண்டு சொல்லுறாய்?

செல்வம்: எனக்கு நெஞ்சில ஸ்ரென்ற் வைச்சிருக்கு. மாமிக்கு முழங்கால். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷமா ரெஸ்ரோரண்ட் குசினிக்குள்ள நிண்டனான். மலையைக் கலண்டர்லதான் பாத்தது. இப்பத்தான் ரண்டு பேருமாச் சேந்து மேல போறம். நோயாளி கீழ நில், இளந்தாரி மேல போ எண்டால் அது என்ன நியாயம்?

(நீண்ட நேரம் ஒருத்தரும் எழுதவில்லை)

நிரூபா: மாமா சொல்லுறதில நியாயம் இருக்கு. கொலராடோவில இருந்து ஒரு குரல் 🙋‍♀️

நிரூபா: இங்க வனத்துறை ஈ-பைக்கை மோட்டர் வாகனமாத்தான் கணக்கெடுக்குது. மோட்டர் வாகனம் விடுற பாதையில ஓடலாம். மற்றப் பாதையளில விடவேணும் எண்டால், அந்தந்தப் பாதையைத் தனித்தனியா ஆராய்ஞ்சு அறிவிக்க வேணும். உள்துறை அமைச்சு 2019 ஓகஸ்டில மற்றப் பக்கம் திரும்பி, ஈ-பைக்கைச் சைக்கிளாப் பாருங்கோ எண்டு ஒரு உத்தரவு போட்டது. அதால பக்கத்துப் பக்கத்துக் காணியில வேற வேற விதி. 1964 சட்டப்படி வனாந்தரம் எண்டு அறிவிச்ச இடமெண்டால் சாதாரண சைக்கிளுக்கும் இடமில்லை.

பிரவீன்: ஆர் பிடிக்கிறது? இப்ப வாற ஈ-பைக்கில பற்றரி சைக்கிள் ஃபிரேமுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. பாத்தால் சாதாரண சைக்கிள் மாதிரியே இருக்கு.

நிரூபா: அதேதான். ரேஞ்சர்மாருக்கே தூரத்தில நிண்டு கண்டுபிடிக்கேலாது.

துர்க்கா: செல்வம் மாமா, கோவிக்காதேங்கோ. நான் ஆளைப் பிரிக்கேல்லை, பாதையைத்தான் பிரிக்கிறன். ஆல்ப் பண்ணைக்கு, அதுதான் மலை மேல இருக்கிற மாட்டுப் பண்ணைக்கு, போற சரளை ரோட்டில உங்களுக்கு ஆர் மறிக்கினம்? மாடு ஏத்திற ட்ராக்ரர் போற ரோட்டில உங்கட ஈ-பைக் ஒண்டும் செய்யாது. மரவெல்லை (அதுக்கு மேல மரம் வளராது) தாண்டின ஒற்றையடிப் பாதைதான் எனக்குப் பயம். அங்க இளந்தாரிக்கும் மோட்டர் வேண்டாம் எண்டுறன்.

பிரவீன்: நான் ஒண்டு கேக்கிறன், எல்லாரும் யோசிச்சுச் சொல்லுங்கோ. பேர்க்பான், அதுதான் மலைக் கேபிள் கார், சைக்கிளைக் கொழுவிக்கொண்டு மேல போகுது. அது மோட்டர் இல்லையோ? 2018 மவுண்டன் பைக் உலகக் கிண்ணமே, பேர்க்பான் இருக்கிற லென்சர்ஹைடவில வைச்சவை!

நிரூபா: உலகக் கிண்ணம் இல்லையடா, உலகச் சம்பியன்ஷிப்.

பிரவீன்: சரி அதுதான். காசு குடுத்து இழுத்துக்கொண்டு போனால் நல்ல பிள்ளை, நான் மிதிச்சுக்கொண்டு பற்றரியோட போனால் கெட்ட பிள்ளையோ?

ரவி: கெட்டிக்காரன். இதுக்குப் பதில் சொல்லு துர்க்கா 😂

துர்க்கா: நல்ல கேள்வி. பேர்க்பான் ஒரு இடத்தில கொண்டுபோய் விடும். எத்தினை பேர் வருவினம் எண்டு தெரியும், அதுக்கு ஏற்ற மாதிரிப் பாதை வெட்டலாம், ரவி சித்தப்பா மாதிரி ஆக்களுக்குச் சம்பளம் குடுக்கலாம். ஈ-பைக் எல்லாப் பள்ளத்தாக்குக்கும் போகும். முந்தி நாள் முழுக்க நடந்து, மலைக் குடிலில படுத்துத்தான் பாக்கலாம் எண்ட இடத்துக்கு இப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் போய் வரலாம். அங்க பாதை பாக்க ஒருத்தரும் இல்லை.

துர்க்கா: குடிலையும் சொல்லுறன். உயரத்தில இருக்கிற கனக்கக் குடில்கள் சோலர் பலகையிலதான் லைற் எரிக்கினம். பத்துப் பேர் பற்றரி சார்ஜ் போட வந்தால் இரவு சமையலுக்கு என்ன செய்யிறது?

கௌரி: செடியைப் பற்றி அண்டைக்கு ஒண்டு சொன்னியே, அதைச் சொல்லு.

துர்க்கா: சிலேனே மாமி. நிலத்தோட ஒட்டி வட்டமா வளர்ந்து, குட்டி குட்டியா இளஞ்சிவப்புப் பூப் பூக்கும். வருஷத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் பெருக்கும். சாப்பாட்டுத் தட்டளவு செடி ஒண்டு எங்கட அப்பப்பாவை விட மூத்ததா இருக்கலாம். மேல பனி இல்லாத காலமே ரண்டு மூண்டு மாசம். கீழ புல் மிதிபட்டால் அடுத்த மழைக்கு முளைக்கும். அங்க ரயர் தடம் பிள்ளைக்குப் பிள்ளை வந்து பாக்குமட்டும் கிடக்கும்.

துர்க்கா: நஷனல் பார்க்கில 1917 இலிருந்து சின்னச் சின்னச் சதுரம் அடிச்சு, அதுக்குள்ள எந்தச் செடி வந்தது, எது போனது எண்டு எழுதிக்கொண்டு வருகினம். அதைப் படிச்ச பிறகுதான் எனக்கு அந்த மண்ணின்ர வேகம் விளங்கினது.

ரவி: இன்னொண்டு. விடியப்புறமும் பின்னேரமும்தான் மானுகள் மேய வெளிக்கிடும். முந்தி இருட்டுக்கு முதல் எல்லாரும் இறங்கிடுவினம். இப்ப பெரிய லைற் பூட்டிக்கொண்டு எட்டு மணிக்கும் மேல நிக்கிறாங்கள். பாதையில நேரம் தவறாமல் வாற ஆக்களுக்கு விலங்குகள் பழகிடும். எதிர்பாக்காத நேரத்தில எதிர்பாக்காத இடத்தில வந்தால்தான் ஓடும்.

பிரவீன்: அதை நான் ஒத்துக்கொள்ளுறன். ராவில ஓடக்கூடாது.

வெள்ளி

செல்வம்: இரவு யோசிச்சன். துர்க்கா சொல்லுறது சரளை ரோட்டு வரைக்கும் சரி. ஆனா தடை போட்டால் ஈ-பைக்குக்கு மட்டும் போடக்கூடாது. மெல்லிய பாதை எண்டால் சாதாரண சைக்கிளுக்கும் சேத்துப் போடு. தொடையில பலம் இருக்கிறவனுக்கு ஒரு சட்டம், நெஞ்சில கம்பி இருக்கிறவனுக்கு ஒரு சட்டம் வேண்டாம்.

துர்க்கா: மாமா, உண்மையாவே எனக்கு அதுக்கு நல்ல பதில் இல்லை. மரவெல்லைக்கு மேல அப்பிடிச் செய்தால் நான் கை தூக்குவன்.

பிரவீன்: ஐயோ, எங்கட சாதாரண சைக்கிளையும் பறிச்சுப்போட்டீங்கள்!

நிரூபா: 😂😂

ரவி: இதைத்தான் கூட்டுத் தீர்வு எண்டுறது.

பிரவீன்: சரி, புதுத் திட்டம். நான் சாதாரண மவுண்டன் பைக்கில வால் மோராவால ஏரிக்கு. திரும்பி வர லிவிஞ்ஞோ சுரங்கத்தால பஸ். அதுக்குள்ள சைக்கிள் ஓட ஏலாது, பஸ்சிலதான் ஏத்துறவை. மாமாவும் மாமியும் ஈ-பைக்கில வால் வாவ் சரளை ரோட்டால ஆல்ப் மோரா மட்டும் வந்து திரும்புங்கோ.

கௌரி: அது எனக்குப் போதும். அங்க மாடு நிக்குமே, காவல் நாய் இருக்குமோ?

ரவி: ஓநாய் வந்த பிறகு ஆட்டு மந்தையோட காவல் நாய் விடுறவை. பலகை போட்டிருப்பினம். கண்டால் சைக்கிளால இறங்கி மெதுவா உருட்டிக்கொண்டு மந்தையைச் சுத்திப் போங்கோ. வேகமா ஓடினால்தான் துரத்தும். கன்றோட நிக்கிற மாட்டுக்கும் கிட்டப் போகாதேங்கோ.

கௌரி: அப்ப இவர்தான் முன்னுக்குப் போவார்.

செல்வம்: பாத்தியளே, சதி!

பிரவீன்: போஸ்ற் பஸ்சில சைக்கிளுக்கு இடம் இண்டைக்கே பதியிறன். துர்க்கா அக்கா, வாறியோ இல்லையோ?

துர்க்கா: நான் நடந்து வாறன். ஆல்ப் மோராவில உங்களைப் பிடிக்கிறன்.

செல்வம்: நடந்து வாறவைக்கு மாமி செய்யிற ரோல்ஸ் மிஞ்சுமோ எண்டு சொல்லேலாது.

கௌரி: நாப்பது போடுறன். பிரவீன், ஐஸ் பெட்டி உன்னட்டத்தானே கிடக்கு? இரவைக்குக் கொண்டு வந்து தா.