நம்ம கபடி பி.டி. சார்: அவரிடம் ஆடியவர்கள் எழுதுங்கள்

இடது கார்னர்

எந்த சார் என்று சொல்லத் தேவையில்லை. செம்மணல் தேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம், தொண்ணூறுகள், கழுத்தில் விசில் என்றாலே நம்ம ஆட்களுக்குப் புரியும். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். நின்று அதிகம் பேச முடியவில்லை, பஸ் வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு பழைய விஷயம் மனசைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

ஜோனல் மேட்ச் அன்றைக்குக் காலையில் கொடிக்கம்ப மேடையில் நகவெட்டியோடு உட்கார்ந்திருப்பாரே, அந்த நாள். நம்ம கைகளில் அப்போது என்ன கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு நிறத்தில் சாதிக் கயிறு. மணிக்கட்டைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். சார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பிரசங்கம் செய்தது கிடையாது. "ரூல்ல என்ன போட்டிருக்கு? நகம் வெட்டணும், எண்ணெய் தேய்க்கக் கூடாது, ஒடம்புல எதுவும் மாட்டக் கூடாது. கயித்தக் கழத்துலே" என்பார். எல்லாம் ஒரு சாக்பீஸ் டப்பாவுக்குள் போகும்.

எனக்குப் பக்கத்தில் கவர் ஆடியவன் வேறு தெரு. தண்ணீர்க் குழாயடியில்கூட நாங்கள் பக்கத்தில் நின்றது கிடையாது. ஆனால் செயின் போடும்போது அவன் கையை நான் பிடித்தே ஆக வேண்டும். அன்றைக்குக் கடைசி ரைடரை நாங்கள் ரெண்டு பேரும்தான் மடக்கினோம். மூக்கெல்லாம் செம்மண். அவன் என் கையை விடவே இல்லை, விசில் அடித்த பிறகும்.

மேட்ச் முடிந்து நான் டப்பா பக்கம் போகவே இல்லை. சைக்கிளை எடுக்கும்போது சார் கூப்பிட்டார். என் கயிற்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஒங்க அய்யா கேப்பாருல்லா. என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியும்டே. கட்டிட்டுப் போ. நாளைக்கு வந்து இங்க கழத்து."

அப்பா கேட்டிருப்பார், அது நிஜம். அடித்தும் இருப்பார். ஆனாலும் அன்றைக்குக் கழற்றியது கழற்றியதாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? பஸ் வராமல் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

போனஸ் லைன்

சார் பெண்பிள்ளைகளுக்கும் டீம் போட்டார், அதை யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். நானே எழுதுகிறேன்.

மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய டீமில் இருந்தார் இல்லையா, அதற்கப்புறம் நம்ம பக்கத்துப் பொட்டல் எல்லாவற்றிலும் சுண்ணாம்புக் கோடுதான். ஆனால் பையன்களுக்கு மட்டும். நாங்கள் ஆட ஆரம்பித்தபோது அரைக்கால் டவுசரா என்று ஊரே பேசியது. சார் வீட்டு டீச்சரம்மா துணி எடுத்து, முட்டிக்குக் கீழே வருகிற மாதிரி அவர்களே தைத்துத் தந்தார்கள். வெளியூர் மேட்ச் என்றால் எங்களோடு வந்து படுப்பதும் அவர்கள்தான்.

எங்கள் அப்பாவுக்குத் தெரியாமல்தான் ஆடினேன். ஒரு மேட்ச்சின் நடுவில் யாரோ போய்ச் சொல்லி, அப்பா மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். நான் ரைடுக்குப் போக நடுக்கோட்டில் நிற்கிறேன். அப்பா என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். சார் ஓடிப்போய் குறுக்கே நின்றார். கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணாச்சி, இந்த ஒரு பாட்டு. பிள்ளை ஒரு மூச்சு பாடிட்டு வரட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அப்பா ஏன் நின்றார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் பாடிப் போனேன், நடுவில் நுழைந்தேன், பிடித்துப் போட்டுவிட்டார்கள். அப்படியே சைக்கிளில் ஏற்றிக் கூட்டிப் போய்விட்டார். வழி முழுக்கப் பேச்சே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "அந்தக் கார்னர்ல நின்ன பிள்ளை தூங்கிட்டு நிக்கா. அவளை விட்டுட்டு நடுவுல எதுக்குப் போன?" என்றார்.

அதோடு வீட்டில் யாரும் தடுக்கவில்லை. 2010-ல் குவாங்சோவில் பெண்கள் கபடியை முதல் தடவையாக ஆசியப் போட்டியில் சேர்த்து, நம்ம பிள்ளைகள் தங்கம் வாங்கியபோது அப்பா டி.வி. முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ரைடுக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சென்னை கண்ணகி நகர் கார்த்திகா கபடி ஆடுவதைப் பார்க்க அப்பா இல்லை. சாரிடம் அன்றைக்கு அப்பா நடந்துகொண்டதற்கு நான் போய் எதுவும் சொல்லவே இல்லையே என்பதுதான் இப்போது உறுத்தல்.

சொல்லித்தான் ஆகணும்

எல்லோரும் சாரைத் தூக்கிவைத்து எழுதுகிறீர்கள். அவரிடம் நானும் ஆடியிருக்கிறேன், மரியாதையும் இருக்கிறது. ஆனால் விசில் கயிற்றால் தொடையில் வாங்கிய அடியை யாரும் எழுதவில்லையே. தாமதமாக வந்தால் அடி, கேட்ச் விட்டால் அடி. என் தொடையில் வரி வரியாகத் தடித்துப் போனதை அம்மா பார்த்து அழுதது ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லா வாத்தியாரும் அடித்தார்கள் என்று யாராவது வருவீர்கள். எல்லோரும் அடித்தார்கள் என்பதால் என் தொடை வலிக்காமல் போகவில்லை.

இடது கார்னர், உங்களுக்கும் ஒன்று. அந்த டப்பாவை அன்றைக்கே அடுப்பில் போட்டிருக்க வேண்டும். கழற்றவைக்கத் தைரியம் இருந்த மனுஷனுக்குத் திருப்பிக் கொடுக்க என்ன அவசியம்? ஒரு மணி நேரம் மைதானத்தில் அண்ணன் தம்பி, கேட்டைத் தாண்டினால் பழையபடி என்றால் அந்த ஒரு மணி நேரத்தால் என்ன பிரயோஜனம்?

தேரிக்காடு

மேலே எழுதியவருக்கு. அடித்தது தப்புதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. டப்பா விஷயத்தில்தான் சண்டை.

1995, 96-ல் சாதிக் கலவரத்தில் நம்ம மாவட்டங்கள் எப்படிக் கிடந்தன என்று மறந்துவிட்டீர்களா? பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் பாதி நாள் கிடையாது, எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்று பார்த்துத்தான் சைக்கிளே மிதிப்போம். அந்த நேரத்தில் ஒரு பதினைந்து வயதுப் பையனின் கயிற்றை ஒரு வாத்தியார் நெருப்பில் போட்டால், மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலில் கூட்டம் நிற்கும். சார் வேலை போவது ஒரு பக்கம். கபடியே நின்றிருக்கும். கையைப் பிடிக்க அந்த ஒரு மணி நேரமும் கிடைத்திருக்காது.

அரசாங்கமே கயிறு கட்டக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது 2019-ல். அதற்கும் எவ்வளவு எதிர்ப்பு வந்தது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு பிள்ளையை வீடு புகுந்து வெட்டிய பிறகு நீதிபதி சந்துரு குழு போட்டார்கள். 2024-ல் அவர் கொடுத்த அறிக்கையிலும் கயிறு வேண்டாம் என்று வருகிறது. இத்தனை பேர் இத்தனை வருஷம் கழித்துச் சொன்னதை, ஒரு நகவெட்டியையும் கபடி ரூலையும் வைத்துக்கொண்டு தனி ஆளாக, அதுவும் அந்த வருஷத்தில் செய்தார் அவர். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

என் கதை சின்னது. விடிகாலையில் தேரியில் ஓடவிடுவார். செம்மணலில் கால் கணுக்கால் வரை புதையும். ஓடி முடித்தால் ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி, ஒரு பிடி பொரிகடலை. வீட்டில் காலைச் சாப்பாடு இல்லாத பையன் யார் யார் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு மட்டும் கூடக் கொடுக்க மாட்டார். "ஏலே, டப்பாவைத் தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணும்" என்று அவர்களில் ஒருவனைக் கூப்பிடுவார். டப்பா தூக்குகிறவனுக்கு மிச்சம் எல்லாம் சொந்தம். எனக்கு ரொம்ப நாள் அந்த வேலை இருந்தது. ஏன் என்னைக் கூப்பிட்டார் என்பது வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது.

பிசியோ தம்பி

நான் கடைசி பேட்ச். சார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு கணுக்கால் பிடி. அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். குனிந்து என் கையைத் தன் கணுக்காலில் வைத்து, "விரலால பிடிக்காத, உள்ளங்கையால அமுக்கு" என்றது மட்டும் இன்னும் கையில் இருக்கிறது.

நான் எழுத வந்தது சார் காலை இழுத்து நடக்கிறார் என்று படித்ததால். யாராவது பக்கத்தில் இருப்பவர்கள் கூட்டிப்போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அந்த வயதில் தேய்மானமாக இருக்கலாம், பழைய அடியாகவும் இருக்கலாம். வயசாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். முட்டித் தேய்மானம் என்றால் தொடைத் தசையைப் பலப்படுத்தினாலே வலி நன்றாகக் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, சில விநாடி நிறுத்தி இறக்கச் சொல்லுங்கள். சும்மா படுத்திருந்தால் தசை இன்னும் வற்றிப்போகும்.

அப்படியே இங்கே பிள்ளைகளைக் கபடிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் சொல்கிறேன். இப்போது எல்லாம் மேட். மண்ணில் கால் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். மேட் மேல் ஷூ அப்படியே பிடித்து நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும், அந்த முறுக்கு மொத்தமும் முட்டிக்குப் போகும். பிள்ளை "முட்டிக்குள்ள டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்று சொல்லி, கொஞ்ச நேரத்தில் முட்டி வீங்கினால் ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். இழுத்துக் கட்டுப்போடவும் கூட்டிப் போகாதீர்கள். ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வைத்து, எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். ஆபரேஷன் செய்தால் மறுபடி ஆட ஒன்பது மாதமாவது ஆகும். மூன்றாவது மாதமே வலி இல்லை என்று பிள்ளை சொல்லும். அப்போது இறக்கிவிட்டால் மறுபடியும் கிழியும், இதை நிறைய பார்த்துவிட்டேன். இறங்கிக் குதிக்கும்போது முட்டி உள்பக்கம் மடங்குகிறதா என்று கவனியுங்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. மேட்ச்சுக்கு முன்னால் பத்து நிமிஷம் உடம்பைச் சூடேற்றாமல் எந்தப் பிள்ளையையும் உள்ளே அனுப்பாதீர்கள்.

செகண்ட் ரைடர்

முட்டியை விடுங்கள் தம்பி. எனக்கு சாரிடம் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

மாவட்ட ஃபைனல். ரெண்டு பக்கமும் சமமான பாயின்ட். கடைசி ரைடு நான். ரைட் கார்னர் கையைத் தொட்டேன், கவர் வந்து விழுந்தான், இழுத்துக்கொண்டே வந்து கோட்டில் கை வைத்துவிட்டேன். அம்பயர் பாயின்ட் கொடுத்தார். பையன்கள் என்னைத் தூக்கிவிட்டார்கள். அப்போது சார் உள்ளே நடந்து வந்து அம்பயரிடம், "என் பையன் பாட்ட விட்டுட்டான் சார். கோட்டுக்கு முன்னாலயே விட்டுட்டான். எனக்குக் கேட்டுது" என்றார். அம்பயர் அவர் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என்னை அவுட் என்று கையைக் காட்டினார். அந்த ஒரு பாயின்ட்டில் தோற்றோம்.

மாநில டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் ஜெயித்த டீமில் இருந்துதான் எடுத்தார்கள். எங்களில் ஒருத்தர்கூட இல்லை. அந்தச் சான்றிதழ் இருந்திருந்தால் போலீஸோ ரயில்வேயோ போயிருப்போம். நான் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறேன். பிழைப்பு நன்றாகத்தான் போகிறது, அதில் குறை இல்லை.

ஆனால் நான் பாட்டை விடவில்லை. மூச்சு இருந்தது. கபடி கபடி என்று சொல்லிக்கொண்டேதான் கோட்டைத் தொட்டேன். மேலே ஆள் விழுந்து கிடந்ததால் சத்தம் மண்ணுக்குள் போயிருக்கும். பொய் சொல்லி ஜெயிக்க வேண்டாம் என்று சார் நினைத்தார், அது சரி. அப்படிப்பட்டவரிடம் ஆடினேன் என்று என் பையனிடம் பெருமையாகச் சொல்வேன். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை, "விட்டியாலே?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியாதா?

ஸ்கோர் ஷீட்

செகண்ட் ரைடர் அண்ணே, நான் அன்றைக்கு மேசையில் இருந்தேன். சப்ஸ்டிட்யூட்டாகவே இருந்து ஆடாமல் போன பையன் ஞாபகம் இருக்கிறதா, அவன்தான். "உக்காந்து வேடிக்கை பாக்காத, எழுது" என்று சார் என் கையில் பேனாவைக் கொடுத்தார். எந்த ரைடில் யார் அவுட், யார் உள்ளே வந்தார், எதிர் டீம் மொத்தமும் அவுட்டானால் வருகிற லோனாவுக்கு 2 எங்கே ஏறும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கோடு கோடாகச் சொல்லிக் கொடுத்தார். இப்போது மாவட்ட மேட்ச்சுகளில் நான் அம்பயராக நிற்கிறேன்.

உங்கள் பாட்டு எனக்குக் கேட்டது. கோடு தொடுகிற வரைக்கும் கேட்டது. நான் உட்கார்ந்திருந்தது நீங்கள் விழுந்த பக்கம். சார் நின்றது எதிர்ப்பக்கம், நடுவில் ரெண்டு ஆள் உங்கள் மேல் கிடந்தார்கள். அவருக்குக் கேட்டிருக்க முடியாது. முடிவு அம்பயருடையது. சார் முகத்துக்காக அதை மாற்றியது அந்த அம்பயரின் தப்பு என்று நான் இப்போது என் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அன்றைக்கு நான் ஒன்பதாவது படிக்கிற பையன், மேசையில் இருந்து எழுந்து பேச யாரும் விட மாட்டார்கள்.

சாரிடம் இதைச் சொல்லிவிட்டேன், ரெண்டு வருஷம் முன்னால். எந்தப் பக்கம் நின்றார், யார் மேலே கிடந்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பேப்பரில் படம் போட்டுக் காட்டச் சொன்னார். அப்புறம் உங்கள் நம்பர் கேட்டார், என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன்களுக்குப் பிடி சொல்லிக் கொடுக்கப் பழைய மைதானத்துக்கு வருகிறார். ஆறு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் யாரிடமும் பேச மாட்டார். லாரியை ரோட்டிலேயே விட்டுவிடுங்கள், உள்ளே மணல்.