மலிவு பிரிண்டர் வாங்கி மக், டீஷர்ட் அடிச்சவங்க அனுபவம் சொல்லுங்க

வைகைக்கரை:
நாலு மாசமா மனசுல கிடந்து அரிக்குது, அதான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன். சப்ளிமேஷன்னு ஒரு முறை இருக்கு: படத்தைத் தனிப் பேப்பர்ல அடிச்சு, சூட்டுல அழுத்தி மக்குக்கோ துணிக்கோ மாத்தறது. அப்படி அழுத்தற மக் பிரஸ் ஏற்கெனவே இருந்துச்சு. கையில 13,000 ரூபாய். டேங்க் வச்ச நாலு கலர் பிரிண்டர் ஒண்ணு புதுசா எடுத்தேன். மக்குக்குத் தனி இங்க் வேணுமான்னு கடையில கேட்டேன். "பெட்டியிலயே நாலு பாட்டில் இருக்கு, அதை ஊத்துங்க, சப்ளிமேஷன் பேப்பர் போட்டாப் போதும்"னார். நம்பிட்டேன்.

முதல் ஆர்டரே ஒரு மணிவிழா. 60 மக், அப்பா அம்மா சேர்ந்து நிக்கிற படம். 180 டிகிரி, 180 செகண்ட். பேப்பரை உரிச்சப்போ படம் மங்கலா, பழுப்பேறின மாதிரி இருந்துச்சு. பழைய போட்டோ, அப்படித்தான் வரும்னு நினைச்சுட்டேன். அவங்க பொண்ணு வந்து ஒரு மக்கைக் கையில எடுத்துச்சு. அப்பா முகத்தைக் கட்டைவிரலால ஆசையாத் தடவுச்சு. மீசை விரலோட வந்துடுச்சு. விரலையும் மக்கையும் மாத்தி மாத்திப் பார்த்துச்சு, ஒரு வார்த்தை பேசல. விழாவுக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு.

நொய்யல் பனியன்:
இதுல பிரிண்டர் என்னங்க பண்ணுச்சு? தப்பு இங்க்ல. பெட்டியில வர்ற சாதா இங்க் பீங்கான் மேல ஒட்டிட்டு நிக்கும், அவ்வளவுதான். சப்ளிமேஷன் சாயம் சூட்டுல ஆவியாகி, மக் மேல இருக்கற பாலிமர் பூச்சுக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் தேய்ச்சாலும் வராது.

எனக்கு ஆனது துணியில. கபடி டீமுக்கு 14 பனியன், அவங்களே வாங்கிட்டு வந்தது, சுத்தக் காட்டன். 200 டிகிரி, 50 செகண்ட். எடுக்கறப்ப பரவாயில்லாமத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் கேப்டன் பையன் துவைச்ச பனியனோட வந்து நின்னான். நெஞ்சுல ஊர்ப் பேர் இருந்த இடத்துல சாம்பலா ஒரு நிழல். "அண்ணா, ஊர்ப் பேர் போயிருச்சுங்கண்ணா"ன்னான். காட்டன்ல சப்ளிமேஷன் நிக்காதுன்னு எனக்குத் தெரியும்ங்க. ஆர்டர் கைவிட்டுப் போயிடுமோன்னு வாயைத் திறக்கல. அதுதான் இன்னமும் உறுத்துது.

பாபநாசம்88:
இந்த வேலைக்கு எப்சன் கம்பெனி பிரிண்டர்தான் சரின்னு வெளியில எல்லாரும் சொல்றது எனக்குப் புரியல. நான் 3,500க்கு ஒரு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வாங்கி, சிரிஞ்ச்ல சப்ளிமேஷன் இங்க் ஏத்தினேன். மூணு வாரம் அருமையா வந்துச்சு. நாலாவது வாரம் ஆசிரியர் தினத்துக்கு 20 மக். பேப்பர்லயே ஹெச்எம் நெத்திக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு. கார்ட்ரிட்ஜை வெந்நீர்ல நனைச்ச டிஷ்யூ மேல வச்சு எடுத்தேன், துடைச்சேன், மறுபடி அடிச்சேன். கோடு ரெண்டாச்சு. பிள்ளைங்க காசு சேர்த்துக் குடுத்த ஆர்டர், எல்லாரும் கடை வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க. ஆனா அந்த மூணு வாரம் ஓடினது உண்மைதானே? இங்க் மட்டமா இருந்திருக்கும்.

கோவை பழைய கை:
தம்பி, இங்க் மட்டம்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஹெட்னா இங்க்கைத் தெளிக்கற பாகம். கேனான், ஹெச்பி இங்க்ஜெட்ல பெரும்பாலும் தெர்மல் ஹெட். உள்ள இருக்கற சின்னச் சூடேத்தி இங்க்கைக் கொதிக்க வச்சு, அந்தக் குமிழி தள்ளித்தான் துளி வெளிய வரும். நீ ஊத்தினதோ சூடு பட்டா வேலை காட்டற சாயம். ஹெட்டுக்குள்ளயே காய்ஞ்சு படிஞ்சு அடைச்சுக்கும். எப்சன்ல, பிரதர்ல பீசோ ஹெட். கரண்ட் குடுத்தா ஒரு படிகம் வளைஞ்சு இங்க்கைத் தள்ளும், சூடே கிடையாது. எல்லாரும் எப்சன்னு சொல்றது விளம்பரம் பார்த்து இல்ல, இதுக்காகத்தான்.

என் கதை சின்னது. பழைய எப்சன் எல்805 பிரிண்டர் ஒண்ணு வாங்கினேன், டேங்க்ல மிச்சமிருந்த சாதா இங்க் மேலயே சப்ளிமேஷனை ஊத்தினேன். கல்யாணப் பொண்ணு முகம் பச்சையடிச்சு வந்துச்சு. அவ்வளவுதான்.

இனிமே வாங்கறவங்க கவனிங்க. கம்மி காசுன்னா எல்130 மாதிரி நாலு கலர் ஏ4 போதும். மக்குல லோகோ, எழுத்து, பிறந்தநாள் படம் எல்லாம் தாராளமா வரும். முகம்தான் முக்கியம், போட்டோதான் பிழைப்புன்னா எல்805 மாதிரி ஆறு கலர் பாருங்க. அதுல லைட் சியான் (வெளிர் நீலம்), லைட் மெஜெந்தா (வெளிர் சிவப்பு) கூடுதலா இருக்கறதால கன்னத்துல புள்ளி புள்ளியாத் தெரியாது. பனியன் நெஞ்சு முழுக்க அடிக்கணும்னாத்தான் எல்1800 மாதிரி ஏ3, இல்லன்னா அந்தக் காசு வீண். புதுசு வாங்கினா பெட்டியில இருக்கற பாட்டிலைத் திறக்கவே திறக்காதீங்க, முதல் சொட்டே சப்ளிமேஷனா இருக்கணும். வாரண்டி போயிடும், அதை ஒத்துக்கிட்டுத்தான் இறங்கணும். இங்க்கோட அதுக்குரிய ஐசிசி புரொஃபைலை, அதாவது நிறம் சரியா வர கம்ப்யூட்டர்ல போடற ஃபைலை, கேட்டு வாங்குங்க. பேப்பர்ல நிறம் செத்த மாதிரிதான் இருக்கும், பிரஸ்ல இருந்து வந்தாத்தான் உயிர் வரும். பேப்பரைப் பார்த்துட்டு கலரைக் கூட்டாதீங்க. கறுப்புத் துணியில சப்ளிமேஷன் ஆகவே ஆகாது, வெள்ளை இங்க்கே கிடையாதே. வெள்ளைக் காட்டன்தான் வேணும்னா, பிக்மென்ட் இங்க் (நிறத்துகள் கலந்த இங்க்) போட்டு டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல அடிக்கலாம். அதுக்குத் தெர்மல் ஹெட்டும் ஓடும். பாபநாசம் தம்பி கையில இருக்கறதுக்கு அந்த வேலைதான் சரி.

குமரி அக்கா:
கோவை அண்ணன் சொன்னது எல்லாம் சரிதான். ஆனா மனசு நொந்து எழுதினவங்களுக்கு இவ்வளவு பாடம் வேண்டாமே அண்ணா.

நான் நல்ல ஆறு கலர்தான் வச்சிருந்தேன், செகண்ட் ஹேண்ட். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். ரெண்டு மாசம் யாரும் ஆன் பண்ணல. வந்த அன்னைக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் மக் கேட்டாங்க. மடியில என் பிள்ளை, ஒரு கையால நாசில் செக் (இங்க் வர்ற துளை எல்லாம் வேலை செய்யுதான்னு கோடு கோடா அடிச்சுப் பார்க்கறது) எடுக்கேன். மஞ்சள் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. ஒரு கோடு கூட இல்ல. அஞ்சு தடவை ஹெட் கிளீனிங் குடுத்தேன், இங்க்தான் வேஸ்ட் பேடுக்கு, கழிவு இங்க்கை உறிஞ்சற பஞ்சுக்கு, போச்சு. இருக்கறதை வச்சு அடிச்சுப் பார்ப்போம்னு அடிச்சா, அந்தக் குழந்தை முகம் ஊதாவா வந்துச்சு, மூச்சு முட்டின பிள்ளை மாதிரி. பச்சைக் குழந்தையை மடியில வச்சிட்டு அதைப் பார்க்க முடியல, குப்புறக் கவுத்து வச்சிட்டேன். இப்ப வேலை இருக்கோ இல்லையோ, மூணு நாளைக்கு ஒருதரம் எல்லாக் கலரும் வர்ற மாதிரி ஒரு பக்கம் அடிச்சிருவேன்.

யாழ் தெருவோரம்:
அக்கா சொன்னது எனக்கு வேற மாதிரி நடந்தது. 2022இல இஞ்ச 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாளுகள் இருந்தது. பிரிண்ட் அரைவாசியில நிக்கேக்க கரண்ட் போயிட்டுது. பிரிண்டரை ஒழுங்கா ஓஃப் பண்ணினா ஹெட் போய்த் தன்ர மூடிக்குள்ள இருக்கும். இது நடுவழியில திறந்தபடி நிண்டு காய்ஞ்சு போச்சு. டோர்ச் அடிச்சுப் பாக்கிறன், ஹெட் பேப்பருக்கு மேல அப்பிடியே நிக்குது, கையால தள்ளவும் பயமாக் கிடக்கு. பிரிண்டர் வாங்கிற காசில ஒரு சின்ன யூபிஎஸ்ஸுக்கும் எடுத்து வையுங்கோ.

வைகைக்கரை:
60 மக்கையும் தெரிஞ்ச கடையில ராத்திரியோட ராத்திரியா மறுபடி அடிச்சுக் குடுத்தேன். பணம் வாங்கல. என் பிரிண்டர்ல டியூபை வடிச்சு, கிளீனிங் திரவம் விட்டுக் கழுவி, சப்ளிமேஷன் ஊத்தியிருக்கேன். இப்ப நல்லாத்தான் வருது. ஆறினதும் ஒவ்வொரு மக்கையும் ஈரத்துணியால அழுத்தித் துடைச்சுட்டுத்தான் டப்பாவுல வைக்கிறேன்.

பாபநாசம்88:
கோவை அண்ணா, எல்130 பழசு 6,000 சொல்றாங்க. என்ன பார்க்கணும்?

கோவை பழைய கை:
நாசில் செக்கை உன் கண்ணு முன்னாடி எடுக்கச் சொல்லு. இதுவரை என்ன இங்க் ஓடுச்சுன்னு கேளு. சாதா இங்க்னு சொன்னா, கழுவற செலவை விலையில குறைச்சுக் கேளு. ஒரு கோடு விட்டிருந்தாலும் திரும்பி வந்துடு.