புதுப்பிப்பு: ஓசியா 6:1, திரும்புவது எப்படி?

வேதாகமத்தில் ஓசியா 6:1, பாவத்தை விட்டுக் கர்த்தரிடத்தில் திரும்ப அழைக்கிறது; நம்மைப் பீறினவர் (காயப்படுத்தியவர்) அவரே நம்மைக் குணமாக்குவார் என்கிறது. முந்தைய பதிவில் 'பீறியவரே குணமாக்குவார்' என்பதோடு நிறுத்தியிருந்தேன். நடைமுறையில் எப்படித் திரும்புவது என்று உசிலம்பட்டிச் சகோதரி ஒருவர் கேட்டிருந்தார்.

ஓசியா 14:2, வார்த்தைகளோடு வரச் சொல்கிறது. மொத்தமாக "மன்னியும்" என்னாமல், செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். அடுத்தது ஈடு. கீழமாசி வீதிக் கடையில் கூட்டாளியின் 10,000 ரூபாயை அமுக்கியிருந்தால், லேவியராகமம் 6:5 கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 12,000. அதுவும் பலி செலுத்தும் நாளிலேயே. நமக்கு இது பலிச்சட்டமல்ல, ஆனாலும் நல்ல அளவுகோல். பலர் சறுக்குவது இங்கேதான்: உபவாசக் கூட்டத்தில் கண்ணீர், திங்கட்கிழமை அதே பழைய கணக்கு. ஓசியா 6:4 சொல்லும், சீக்கிரம் கலைந்துபோகும் காலை மேகம் அதுதான்.

'பீறினார்' என்பதை வைத்து, வியாதியெல்லாம் பாவத்துக்கான சிட்சை (தண்டனை) என்று எண்ண வேண்டாம். யோவான் 9:3 பாருங்கள்: பிறவிக் குருடனைப் பற்றி, அவனோ பெற்றோரோ செய்த பாவம் காரணமல்ல என்கிறார் இயேசு. படுக்கையில் இருப்பவரிடம் "என்ன பாவம் செய்தீர்கள்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். மாத்திரையை நிறுத்தவும் சொல்லாதீர்கள்.